ஒரு மூடி தீர்த்தம்

என் அண்ணன் சிவபிரகாஷைப் பற்றித் திருச்செங்கோட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தங்கமான மனுசன் என்பார்கள். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது, கல்யாண வீட்டில்கூட ஒரு பீர் பாட்டிலைத் தொட்டது கிடையாது. அந்தத் தங்கத்தைப் பக்கத்தில் இருந்து உரசிப் பார்த்தவள் நான். கூடப் பிறந்த தங்கச்சி, அடுத்த வீட்டுக்காரி, அவனுடைய ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், மூன்றும் நானே. அறிவுச்செல்வி என்று பெயர். பெயரில் இருக்கிற அறிவு வாயில் இல்லை என்பான் அண்ணன். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

சங்ககிரி ரோட்டில் எங்கள் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகள் அண்ணனுக்கு ஓடுகின்றன. இங்கே கிளம்பினால் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய், மாதக் கணக்கில் வீட்டுப் பக்கம் தலை காட்டாமல், புழுதியிலும் சத்தத்திலும் கிடந்து பாறையைக் குடைகிற பிழைப்பு. அந்த வேலைக்குப் போகிறவர்களில் குடிக்காதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். போலீஸ்காரர்கள் ரோட்டில் நிறுத்தி ஊதச் சொல்கிறார்களே, அந்த மாதிரி ஒரு மிஷினை ஆன்லைனில் வாங்கினான். வண்டி ஏறும் முன்னாலும், பட்டறையில் இருக்கிற நாட்களில் காலையிலும் சாயங்காலமும் எல்லோரும் வரிசையில் நின்று ஊத வேண்டும். பச்சை எரிந்தால் ஏறலாம். சிவப்பு எரிந்தால் துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். நல்ல காரியம் என்று நானே பாராட்டினேன். அந்தச் சனியன் பிடித்த மிஷின் எங்கள் வீட்டுப் பிள்ளையின் வாய்க்கும் வரும் என்று யார் கண்டது?

அண்ணனுக்கு ஒரே பையன், நிலவன். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி வெகு காலம் பிள்ளையில்லாமல், குலசாமி கருப்பணாருக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவன். அப்படி அழுது வாங்கிய பிள்ளையை அண்ணன் என்ன செய்தான்? வளர்க்கவில்லை, காவல் காத்தான். படிக்கிற அறையில் காமிரா மாட்டினான். பேசுகிற காமிரா. ஆபீசில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து போனில் பையனையே பார்த்துக்கொண்டிருப்பான். பையன் பென்சிலைக் கடித்தால் போதும், "வாயில இருந்து எடுடா" என்று இவன் இங்கே உறுமுவான், அங்கே சுவரிலிருந்து அந்தக் குரல் இறங்கும். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுவதை அந்தச் சின்னத் திரையில் எத்தனை தடவை பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். சாப்பிடும்போது பேசக் கூடாது. சிரித்தால் என்னடா இளிப்பு, அழுதால் பொட்டச்சியாடா நீ. பிள்ளைக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் போய்விட்டது.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். சண்முகப்பிரியா நங்கை நல்லவள். நல்லவள் என்றால் வாயே திறக்க மாட்டாள். புருசன் திட்டி முடித்ததும் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கிரீமைப் போட்டுக்கொண்டு போய்ப் பையன் முன்னால் வைப்பாள், தன் போனையும் ரகசியமாகக் கையில் திணிப்பாள். அவ்வளவுதான். ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் ஐஸ்கிரீம். நடுவில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேச அந்த வீட்டில் ஒரு நாதி இல்லை.

வருசத்தில் ஒரே ஒரு நாள் அண்ணன் பையனைப் பார்த்துச் சிரிப்பான். கருப்பணார் பூசை அன்றைக்கு.

கருப்பணாருக்குக் கிடா வெட்டுவோம். சுருட்டு வைப்போம், அவித்த முட்டை வைப்போம், பிராந்தி பாட்டில் ஒன்றும் வைப்போம். அவருக்கு அது வேண்டும், தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். பூசை முடிந்ததும் பூசாரி ராசு பாட்டிலைத் திறந்து அதன் மூடியிலேயே ஊற்றிக் கொடுப்பார். முதல் மூடி அண்ணனுக்கு. அடுத்தது வேண்டுதலில் பிறந்த பையனுக்கு. பால் பல் விழாத வயதிலிருந்து இந்தக் கூத்து. அதைக் குடித்ததும் நிலவன் கண்ணை இறுக்கி, மூக்கைச் சுருக்கி, நாக்கை நீட்டி, உடம்பை ஒரு உதறு உதறுவான். வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அண்ணன் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "என்ற சிங்கக்குட்டிடா இவன்!" என்று கத்துவான். அந்த வீடியோ அன்றைக்கே வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

ஒரு தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "ஏண்ணா, ஒரு பீர் குடிச்சவன வேலைய வுட்டுத் தொரத்தற. கொழந்தைக்குப் பிராந்திய ஊத்தற. இது எந்த ஊரு நியாயம்?"

"வாயக் கழுவு. சாமிக்குப் படச்சது தீர்த்தம். கடையில வாங்கறதுதான் சரக்கு."

"அந்தப் பாட்டலு மட்டும் ஆத்துல மொண்டதா? அதும் கடையில வாங்குனதுதான?"

"படச்ச பொறவு அது வேற, செல்வி. உனக்குச் சொன்னாப் புரியாது."

அவன் பொய் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நம்பினான். அங்கே கூடி நின்று சிரித்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் ரிக் ஏறுகிற ஆட்களுக்கு மட்டும் அந்தத் தீர்த்தம் கிடையாது, எலுமிச்சம்பழமும் திருநீறும்தான். இது அண்ணனே போட்ட சட்டம். தீர்த்தம் வேறு, சரக்கு வேறு என்றால் இந்தச் சட்டம் எதற்கு? கேட்டால் மறுபடியும் வாயைக் கழுவச் சொல்வான்.

போன மார்கழியில் பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. நிலவனும் இன்னும் இரண்டு பையன்களும் பிராந்தியைத் தண்ணீர் பாட்டிலில் கலந்து கொண்டுவந்து மைதானத்துக்குப் பின்னால் குடித்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் வாடையைக் கண்டுபிடித்துவிட்டார். நங்கைக்குக் கை கால் ஓடவில்லை. அதனால் அண்ணனோடு நான் போனேன்.

அங்கே ஒரு அப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். "நானெல்லாம் இவன் வயசுலயே கள்ளுக் குடிச்சவனுங்க சார். பையனுவன்னா அப்புடி இப்புடித்தான் இருப்பானுவ" என்றான். அவன் பையன் அவனைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த அப்பனைச் செருப்பாலேயே சாத்தியிருக்கலாம். இன்னொரு பையனுக்கு அம்மா வந்திருந்தாள். பையனை ஓரமாகக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வாங்கினாய், யார் கொடுத்தது, எதற்குக் குடித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் தேம்பித் தேம்பிச் சொன்னான். அவளும் அழுதாள். இனிமேல் சைக்கிள் கிடையாது, நான்தான் கொண்டுவந்து விடுவேன், கூட்டிக்கொண்டு போவேன் என்று கறாராகச் சொல்லித் தலையைத் தடவிக் கூட்டிப்போனாள்.

என் அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. வாத்தியாரைக் கும்பிட்டான். பையனைக் காரின் பின் சீட்டில் ஏற்றினான்.

வீட்டுக்குப் போகவில்லை, பட்டறைக்குப் போனான். ஆணியில் கம்ப்ரசரின் பழைய பெல்ட் ஒன்று தொங்கியது. அதை எடுத்தான். ஆட்கள் எல்லாம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அடியை நான் விவரமாகச் சொல்லப் போவதில்லை. பையன் "அப்பா" என்று கத்தவில்லை. அப்பனே அடிக்கும்போது யாரை அப்பா என்று கூப்பிடுவான்? "சாமி, சாமி" என்று கத்தினான். குறுக்கே போன எனக்கும் மணிக்கட்டில் ஒன்று விழுந்தது. கை ஓய்ந்த பிறகு அண்ணன் பெல்ட்டைப் பத்திரமாக அதே ஆணியில் மாட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"கேட்டுக்கங்கடா. இன்னைக்கு இருந்து இவனும் உங்களோட வரிசைல நின்னு ஊதோணும். காலைல ஒருக்கா, பள்ளிக்கோடம் வுட்டு வந்து ஒருக்கா. என்னைக்காச்சும் ஒரே ஒரு தடவ செவப்பு எரிஞ்சுது, அன்னைக்கே ரிக்குல ஏத்தி வுட்டுருவேன். படிப்பும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். பாறையக் கொடையற இரும்பு ராடு தூக்கட்டும்."

"பதிமூணு வயசுப் பையன ரிக்குல ஏத்தறயா? சட்டம்னு ஒண்ணு இருக்குது, தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"என்ற பையன், என்ற வண்டி. சட்டம் வந்து வளத்துக் குடுக்குமா?"

அன்றைக்குச் சாயங்காலம் நங்கை அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான்தான் பையனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். போட்டுக்கொண்டே கேட்டேன். உலகத்தில் ஒருத்தராவது கேட்க வேண்டுமே.

"ஏஞ்சாமி குடிச்ச?"

முகத்தை எடுக்காமல் தலையணைக்குள்ளேயே சொன்னான். "கோயில்ல நானு ஒரு மூஞ்சி பண்ணுவனில்லீங்கத்தை, அதப் பண்ணிக் காட்டுனனுங்க. அவுங்க ரெண்டு பேரும் அப்புடிச் சிரிச்சாங்க. மறுக்காப் பண்ணு, மறுக்காப் பண்ணுன்னாங்க. அதனால மறுக்காக் குடிச்சனுங்க."

"சிரிக்கறாங்கன்னு ஆராச்சும் குடிப்பாங்களா?"

"அப்பாவும் அதுக்குத்தானுங்கத்தை சிரிப்பாரு. வேற எதுக்குமே சிரிக்க மாட்டாரே."

உடனே எழுந்து போய் இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். மண்டையில் ஏறும் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். "கத சொல்றான், நீயும் கேட்டுட்டு வாரயாக்கும்" என்று சொல்லிவிட்டு டிவியில் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாளிலிருந்து ஊதல் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துச் சீருடையில், முதுகில் பையோடு, கிரீஸ் படிந்த ஆம்பளைகளுக்குக் கடைசியில் நிற்பான். ரிக் மேனேஜர் அன்பு மிஷினை நீட்டுவான். பச்சை எரிந்ததும், "சின்ன ஓனரு பாஸு!" என்று எவனாவது கத்துவான், எல்லோரும் கை தட்டுவார்கள். காலையில் ஐந்தாறு நிமிசம் அவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அன்பு ஒரு நாள் வேடிக்கைக்கு, "டேய் தம்பி, பழைய சோறு தின்னாக்கூடச் செவப்பு எரியுமாமா!" என்றான். அன்றோடு பிள்ளை பழைய சோற்றை விட்டான். கனிந்த வாழைப்பழத்தை விட்டான். இருமல் வந்தபோது மருந்து குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டான். ஊதுவதற்கு முன்னால் குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருப்பான். "எனக்குப் பள்ளிக்கோடம் போகோணுமுங்கத்தை, ரிக்குக்கு மட்டும் வேண்டாமுங்க" என்பான் என்னிடம். ஒரு நாள்கூடச் சிவப்பு எரியவில்லை. அண்ணன் அதற்காக ஒரு நாள்கூட நல்லது என்று சொல்லவில்லை.

தை பிறந்தது. அண்ணன் புது ரிக் ஒன்று இறக்கியிருந்தான். கருப்பணார் கோயிலிலேயே பூசை போட்டு, அங்கிருந்தே ராய்ப்பூருக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. வாழை மரம் கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி கோயில் காட்டில் நின்றது. சனம் மொத்தமும் வந்திருந்தது.

நங்கை பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "வேண்டுதல் பையன் இல்லாமப் பூசையா? வாயில நல்லா வருது எனக்கு" என்று அண்ணன் அவனை வேட்டி கட்டி இழுத்து வந்தான். நான் பூசாரியைத் தனியாகப் பிடித்தேன். "பூசாரியண்ணா, இந்த வருசம் பையனுக்கு ஊத்தாதீங்க. ஏதோ சாக்குச் சொல்லிருங்க" என்றேன்.

"அதெப்புடிங்க அம்மிணி? அவன் சாமி குடுத்த புள்ள. சாமி கோவிச்சுக்குமுங்க."

கிடா விழுந்தது. பாட்டில் திறந்தது. முதல் மூடியை அண்ணன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குடித்தான். இரண்டாவது மூடியைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டு பையன் பக்கம் திரும்பினான். அதற்குள் நாலு பக்கமும் போன்கள் உயர்ந்துவிட்டன. அண்ணன் முகத்தில் வருசத்துக்கு ஒரு தடவை வருகிற அந்தச் சிரிப்பு வந்தது.

நிலவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். "வேண்டாமுங்கப்பா. செவப்பு எரியுமுங்க."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"இன்னைக்கு உன்னைய ஆருடா ஊதச் சொன்னாங்க? இன்னைக்குப் பூசை. இது தீர்த்தம். குடி சாமி" என்றான் அண்ணன். சாமி என்றான்! அந்தக் கொஞ்சல் வார்த்தையை அவன் வாயால் பையனுக்குச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. பையன் அப்பன் முகத்தையே பார்த்தான். அந்தச் சிரிப்பையே பார்த்தான். பாவி மகன், வாயைத் திறந்தான்.

எல்லோரும் அந்த மூஞ்சிக்காகக் காத்திருந்தார்கள். அவன் பண்ணவில்லை. அல்லது வரவில்லை. அடி வாங்கி வாங்கி முகம் செத்துப் போயிருந்ததோ, என்னவோ. தண்ணீரைக் குடிக்கிற மாதிரி விழுங்கிவிட்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றான்.

எங்கள் பெரியப்பா மகன் ஒருத்தன், நாக்கில் சனி உட்கார்ந்தவன், உரக்கச் சொன்னான். "அட பிரகாசு! உன்ற பையன் மூஞ்சியே சுளிக்கல பாரு! தெனமும் பூசை பண்றானாட்ட இருக்குது!"

அப்படி ஒரு சிரிப்பு அந்தக் காட்டில் எழுந்தது. போன வருசம்வரைக்கும் சிரித்த சிரிப்பு அண்ணனோடு சேர்ந்து சிரித்தது. இது அண்ணனைப் பார்த்துச் சிரித்தது. அண்ணனின் முகம் அப்படியே கறுத்துவிட்டது. மூடியைப் பூசாரி கையில் கொடுத்தான். வண்டிப் பக்கம் பார்த்தான். அங்கே ரிக் ஆட்கள் கிளம்புவதற்காக வரிசையில் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"நிலவா. வரிசைல போயி நில்லு."

"இன்னைக்கு ஊத வேண்டாம்னீங்களேப்பா."

"நில்லுன்னு சொன்னேன்."

பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், போய்க் கடைசியில் நின்றான். வேட்டி தடுக்கியது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அன்பு மிஷினை நீட்டாமல் தயங்கினான். அண்ணன் ஒரு முறை முறைத்ததும் நீட்டினான். பிள்ளை ஊதினான். வாயில் ஈரம்கூடக் காயவில்லை, பின்னே என்ன எரியும்?

சிவப்பு.

யாரும் கை தட்டவில்லை. அப்போதுதான் என் நங்கை, கல்யாணம் பண்ணிவந்த நாளிலிருந்து சபையில் வாய் திறக்காதவள், விறுவிறுவென்று நடந்து போய் அன்பு கையிலிருந்து மிஷினைப் பிடுங்கினாள். முந்தானையால் துடைத்தாள். புருசன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நீங்க ஊதுங்க."

"என்னடி?"

"அதே மூடிலதான நீங்களும் குடிச்சீங்க? ஊதுங்க. பச்சை எரிஞ்சுதுன்னா எம் பையன ஏத்தி வுடுங்க, நானு ஒரு வார்த்த பேசல."

அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். மிஷின் புழுதியில் விழுந்தது. "சாமி முன்னால பொம்பள நாயம் பேசற எடமில்ல இது. நானு குடிச்சது தீர்த்தம்."

"அவன் குடிச்சது?" என்று நான் கத்தினேன். "உன்ற கையால ஊத்துன, உன்ற வாயால ஊத வேண்டாம்னு சொன்ன. நீயெல்லாம் ஒரு மனுசனாண்ணா?"

அவன் ஒறம்பரையைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். "செவப்பு எரிஞ்சா ஏத்தி வுடுவேன்னு இத்தன பேரு முன்னால சொல்லியிருக்கறேன். இன்னைக்கு மாத்துனா நாளைக்கு எவன் என்ற பேச்சக் கேப்பான்? அன்பு, வண்டிய எடு. பையன ஏத்திக்க."

அத்தனை பேர் நின்றார்கள். மாமன்மார், பங்காளிகள், பூசாரி. ஒருத்தனாவது, பிரகாசு, விடப்பா என்று சொன்னானா? போன்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். கறி வெந்துவிட்டதா என்று ஒருத்தன் போய்ப் பார்த்தான்.

நங்கை பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அழவில்லை. அன்பைப் பார்த்து, "அண்ணா, வண்டில காமிரா இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"இல்லடா தம்பி. அதெல்லாம் எங்க?"

"வுடுங்கம்மா. வுடுங்கத்தை" என்றான். எங்கள் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு அவனாகவே ஏறிக்கொண்டான். வண்டி நகர்ந்த பிறகுதான் கோயில் எல்லையில் கழற்றிப் போட்ட அவன் செருப்பு நங்கையின் கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு வண்டி பின்னால் ஓடினாள். புழுதி அடங்கும் வரைக்கும் ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் மஞ்சள்காமாலை என்று சொல்லியாயிற்று. ஊரில் கேட்டவர்களிடம், "பையனக் கொஞ்சம் தொழில் பழகட்டும்னு அனுப்பியிருக்கறேன்" என்றான் அண்ணன். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். குழந்தைகளுக்கு உதவி செய்கிற நம்பர் ஒன்று இருக்கிறதே, அதற்கு நானே போன் போட்டேன். விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன், தாய்மாமன் ஊரில் ஓய்வெடுக்கிறான் என்றான். நங்கையின் தம்பியும் அக்கா புருசனுக்குப் பயந்து ஆமாங்க ஆமாங்க என்றான். வந்தவர்கள் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நங்கை அதற்கப்புறம் புருசனோடு பேசவில்லை. பகலெல்லாம் பையனின் படிக்கிற அறையில், அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஆபீசில் போனைத் திறந்தால் அவள் காமிராவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

தினமும் மத்தியானம் ரிக்கிலிருந்து அன்பு போன் போடுவான். எந்த ஊர், எத்தனை அடி, டீசல் எவ்வளவு என்று நான் கேட்டு எழுதுவேன். பையனைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கானுங்கக்கா" என்று நிறுத்திக்கொள்வான். மாசி பாதியில் ஒரு நாள் அண்ணன் எதிரில் இருந்தான். நான் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "நல்லா இருக்கான்னா எப்புடி? வெவரமாச் சொல்லு" என்றேன்.

"மொதல்ல ரவைக்கெல்லாம், விடிய விடிய ஒரே அழுகைங்கக்கா. ராடு தூக்கித் தூக்கிக் கையெல்லாம் கொப்பளம். அம்மாகிட்டப் போகோணும், பள்ளிக்கோடம் போகோணும்னு எங்களத் தூங்க வுடல. இப்ப அழுகறதில்லீங்க. ரவைக்கு ஒரு மூடி குடுத்தம்னா கம்முனு படுத்துக்கறான்."

அண்ணன் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினான். "எவன்டா குடுக்கச் சொன்னது? என்ற வண்டில ஆருடா குடிக்கறது?"

அன்பு பயந்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. "குடிக்கறதில்லீங்க ஓனர். கேபின்ல கருப்பணாரு படம் இருக்குதுங்களே, அதுக்கு முன்னால வெச்சுப் படச்சுட்டுத்தானுங்க குடுக்கறோம். நீங்க கோயில்ல குடுத்த மாதிரியேதானுங்க. தீர்த்தந்தானுங்க."

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பிறகு, "பையங்கிட்டக் குடு" என்றான்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நிலவன். நாக்குத் தடித்த குரல். மத்தியான வேளையில். "அப்பாங்களா?"

"நிலவா..."

"ஊதோணுமுங்களாப்பா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பையன் போனிலேயே ஊதினான். புஸ்ஸென்று நீளமாக ஊதினான். சுற்றி இருந்த ஆம்பளைகள் சிரித்தார்கள். "சின்ன ஓனரு பாஸு!" என்று எவனோ கத்தினான். "அந்த மூஞ்சியப் பண்ணுடா, மறுக்காப் பண்ணுடா!" என்று இன்னொருத்தன் கத்தினான். பண்ணியிருப்பான் போல. சிரிப்பு பெரிதாயிற்று. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பையனின் சிரிப்பும் கேட்டது.

அண்ணன் போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வண்டியைத் திருப்பச் சொல்லு என்று சொல்வான் என்று நினைத்தேன். கருப்பணார் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாசலில் ஆட்கள் இரண்டு பேர் சம்பளம் வாங்க நின்றிருந்தார்கள். அவர்கள் இருப்பதைக் கவனித்தான். போனை என் மேசையில் வைத்தான்.

"இன்னைக்கு எத்தன அடி போயிருக்குதுன்னு கேளு, செல்வி."

"நீயே கேளுடா" என்றேன். பிறந்ததிலிருந்து அவனை நான் டா போட்டதில்லை. அவன் போனை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மேசைமேல் கிடந்த போனில் பிள்ளை இன்னும் ஊதிக்கொண்டிருந்தான்.